கண்ணாடிக் கிண்ணத்துக்குள் இருபது சீட்டுகள்

கொக்குவிலிலிருந்து ஒரு தாய் எழுதிக் கேட்டிருக்கிறார். மகளுக்குப் பதினான்கு வயது. தோழி கொடுத்த ‘தி ஹங்கர் கேம்ஸ்’ நாவலை இரண்டே நாளில் வாசித்து முடித்துவிட்டு, அடுத்த பாகம் வேண்டும் என்று நிற்கிறாளாம். தாய் முதல் அத்தியாயத்தைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். கதாநாயகி வேலிக்குக் கீழால் புகுந்து களவாக வேட்டையாடுகிறாள், கிடைத்ததைக் கள்ளச்சந்தையில் விற்கிறாள், அதற்காகத் துளியும் வெட்கப்படவில்லை. “சட்டத்தை மீறலாம் என்றா இந்தப் புத்தகம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறது? இதில் சட்டமும் மீறலும் எப்படித்தான் காட்டப்படுகின்றன?” என்று கேட்கிறார்.

நான் யாழ்ப்பாணத்தில் இருபது வருடங்களுக்கு மேலாக உயர்தர மாணவர்களுக்கு ஆங்கில இலக்கியம் படிப்பிக்கிறேன். வகுப்பு முடிந்த பிறகு பிள்ளைகள் சுற்றி நின்று அதிகம் கதைத்த நாவல்களில் இதுவும் ஒன்று. கேள்வி நியாயமானது. ஒரு வரியில் ஆம், இல்லை என்று முடித்துவிட எனக்கு மனமில்லை.

வாசிக்காதவர்களுக்காக முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுசான் காலின்ஸ் எழுதி 2008இல் வந்த நாவல் இது. வட அமெரிக்கா அழிந்துபோன பிறகு அந்த நிலத்தில் உருவான நாட்டுக்குப் பெயர் பனெம். கேப்பிட்டல் என்ற செல்வச் செழிப்பான தலைநகரம், அதற்கு உழைத்துக் கொடுக்கும் 12 மாவட்டங்கள். முன்னொரு காலத்தில் மாவட்டங்கள் கிளர்ந்து எழுந்து தோற்றன. வென்றவர்கள் ஒரு ஒப்பந்தத்தை எழுதினார்கள். அதன்படி ஒவ்வொரு மாவட்டமும் வருடம்தோறும் 12 முதல் 18 வயதுக்குட்பட்ட ஒரு ஆண் பிள்ளையையும் ஒரு பெண் பிள்ளையையும் சீட்டுக் குலுக்கித் தெரிந்து அனுப்ப வேண்டும். அந்த 24 பேரும் ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். கடைசியில் மிஞ்சும் ஒருவர் வெற்றியாளர். நாடு முழுவதும் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தே ஆக வேண்டும். கதை தொடங்கும்போது இது 74ஆவது முறை. காட்னிஸ் எவர்டீன், 16 வயது, நிலக்கரி தோண்டும் 12ஆம் மாவட்டத்துப் பிள்ளை. தகப்பன் சுரங்க வெடிப்பில் செத்துப்போனார். தாயையும் தங்கை பிரிம்மையும் சோறு போட்டுக் காப்பது இவள்தான்.

சரி, வேலிக்கு வருவோம். உங்களை முதலில் உறுத்தியது அதுதானே.

மாவட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்ட உயரமான வேலி. சட்டப்படி அதில் 24 மணி நேரமும் மின்சாரம் பாய வேண்டும். ஆனால் அந்த ஊருக்கு மின்சாரம் கிடைப்பதே மாலையில் இரண்டு மூன்று மணி நேரம்தான். காட்னிஸ் நின்று காது கொடுத்துக் கேட்கிறாள். இரைச்சல் இல்லை என்றால் புகுந்து போய்விடுவாள். வேலிக்கு அப்பால் வேட்டையாடினால் மரண தண்டனை. ஆயுதம் வைத்திருந்தாலும் பெருங்குற்றம். அவளுடைய தகப்பன் செய்துவைத்த வில்லுகள் காட்டில் பொந்துள்ள மரத்துண்டுக்குள் ஒளித்திருக்கின்றன.

இவ்வளவு கடுமையான சட்டம். ஆனால் அவளிடம் இறைச்சி வாங்குவது யார் என்று பாருங்கள். சட்டத்தைக் காக்க வந்த படையினரே வாங்குகிறார்கள். மேயர் வீட்டுப் பின்கதவில் காட்டு ஸ்ட்ரோபெரி விலை போகிறது. படையினருக்கும் நல்ல இறைச்சிக்கு ஆசை இருக்கிறது, அதனால் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். அந்தப் படைக்கு நாவலில் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் ‘அமைதி காப்போர்’. 1987இலிருந்து 1990 வரை அமைதிப்படை என்ற பெயரோடு இந்தியாவின் படை நின்ற ஊர் நம்முடையது. நம் வயதுக்காரர் அந்தச் சொல்லை வாசிக்கும்போது வேறு நாட்டு வாசகர் போல எளிதாகக் கடந்து போக முடியாது. மகளுக்கு அது தெரியாது, நீங்கள் சொல்லலாம்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் என் மாமாவின் பற்றறிதான் நினைவுக்கு வரும்.

தொண்ணூறுகளில், போர்க்காலத்தில் அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை இருந்தபோது நான் சின்னப் பிள்ளை. பெற்றோல், சீமெந்து, உரம், பற்றறி எல்லாம் குடாநாட்டுக்குள் வரக்கூடாத பொருட்கள். மின்சாரம் நின்றுபோய் வருடக்கணக்கு. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் பஞ்சும் போட்ட சிக்கன விளக்கில்தான் படித்தோம். வானொலிச் செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் கேட்டோம். மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்டார்ட் பண்ணுவதற்கு மட்டும் இரண்டு துளி பெற்றோல். மாமா வவுனியாப் பக்கம் போய்த் திரும்பியபோது சீனிப் பைக்குள் இரண்டு பென்ரோச் பற்றறிகளை ஒளித்துக் கொண்டுவந்தார். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் கை அதில் பட்டுவிட்டது. சோதித்தவர் மாமாவின் முகத்தைப் பார்த்தார். ஒன்றை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டார். மற்றதைத் திரும்பவும் சீனிக்குள் தள்ளிவிட்டு, போ என்று கையைக் காட்டினார். மாமா வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “அந்த மனுசனுக்கு அண்டைக்கு மனம் வேறு மாதிரி இருந்திருந்தால்?” என்று கேட்டார்.

அம்மா கேட்ட கேள்வியைத்தான் காலின்ஸ் முதல் அத்தியாயத்திலேயே வைத்திருக்கிறார். எல்லோரும் மீறியே ஆகவேண்டிய ஒரு சட்டத்தைப் போட்டு, அதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விட்டால், ஊரில் எல்லோருமே குற்றவாளிகள். யாரை, எப்போது பிடிப்பது என்பது அதிகாரியின் அன்றைய மனநிலை. வேட்டைக்காரிக்கு இன்றைக்குக் கிடைக்கும் சலுகை நாளைக்கு இல்லாமல் போகலாம், அதைக் கேட்டு வாதாட அவளுக்கு ஒரு இடமும் இல்லை. இரண்டாம் பாகத்தில் இது அப்படியே நடக்கிறது. படைக்குப் புதிய தலைவர் வருகிறார். சட்டத்தில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. ஆனால் வேலி இரையத் தொடங்குகிறது, கள்ளச்சந்தை எரிகிறது, காட்னிஸின் நண்பன் கேல் ஒரு காட்டு வான்கோழிக்காக ஊர் நடுவில் கட்டப்பட்டுச் சவுக்கடி வாங்குகிறான். நேற்றுவரை அவனிடம் வாங்கித் தின்ற படையினர் பக்கத்தில் நிற்கிறார்கள்.

முதல் பாகத்திலேயே இதற்கு ஒரு தடயம் இருக்கிறது, பல பிள்ளைகள் கவனிக்காமல் தாண்டிப்போவார்கள். களத்தில் ரூ என்ற பன்னிரண்டு வயதுச் சிறுமி, பழத்தோட்டங்கள் உள்ள 11ஆம் மாவட்டத்தைப் பற்றிக் காட்னிஸிடம் சொல்கிறாள். விளைச்சலை எடுத்துத் தின்றால் அங்கே எல்லோருக்கும் முன்னால் சவுக்கடி. இருட்டில் பார்க்கும் கண்ணாடி ஒன்றை விளையாட எடுத்து வைத்துக்கொண்ட, புத்தி வளராத ஒரு பையனை அந்த இடத்திலேயே கொன்றார்கள். காட்னிஸ் திகைத்துப்போகிறாள். நாடு ஒன்று, சட்டம் ஒன்று. ஆனால் உணவு விளையும் இடத்தில் ஒரு பிடி, கரி தோண்டும் இடத்தில் வேறு பிடி. இரண்டு மாவட்டத்துப் பிள்ளைகள் அருகருகே இருந்து பேசும் வரை அது ஒருவருக்கும் தெரியாது.

இனிச் சீட்டுக்கணக்கு. என்னைக் கேட்டால், இந்த நாவல் சட்டத்தைப் பற்றிச் சொல்லும் மிக ஆழமான விடயம் இந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது, வேட்டைக்குள் இல்லை.

பன்னிரண்டு வயதில் உன் பெயர் ஒரு சீட்டில் எழுதிப் போடப்படும். பதின்மூன்றில் இரண்டு, இப்படியே பதினெட்டில் ஏழு. எல்லோருக்கும் சமம் போலத் தெரிகிறது அல்லவா? ஆனால் வறுமைப்பட்ட பிள்ளைக்கு ஒரு ‘உதவித் திட்டம்’ இருக்கிறது. அதற்கு டெசெரா என்று பெயர். கூடுதலாக ஒரு சீட்டுப் போடச் சம்மதித்தால், ஒரு ஆளுக்கு ஒரு வருடத்துக்குத் தானியமும் எண்ணெயும் கொஞ்சம் கிடைக்கும். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை முறை எடுக்கலாம். சீட்டுகள் வருடா வருடம் சேர்ந்துகொண்டே போகும். காட்னிஸ் பன்னிரண்டு வயதிலிருந்து மூன்று பேருக்காக எடுத்தாள். வருடத்துக்கு நான்கு சீட்டு, ஐந்து வருடத்தில் இருபது. கேலுக்குப் பதினெட்டு வயது, வீட்டில் ஐந்து பேர், ஏழு வருடம்: நாற்பத்திரண்டு. மேயரின் மகளுக்குப் பசி இல்லை, ஆகவே அவள் பெயரில் கூடுதல் சீட்டும் இல்லை.

இந்தத் திட்டம் முழுக்க முழுக்கச் சட்டபூர்வமானது. வரிசையில் நின்று, பெயர் கொடுத்து, நிவாரணம் வாங்குவதுபோல வாங்கிக்கொண்டு வரலாம். நம் ஊரில் கூப்பனோடு சங்கக்கடையில் நின்று சாமான் எடுத்த எவருக்கும் அந்த வரிசை எப்படியிருக்கும் என்று விளங்கும். ஆனால் இங்கே விலை, பிள்ளையின் உயிர். காட்னிஸ் தங்கையின் பெயரில் டெசெரா எடுக்க விடவே இல்லை. அதனால்தான் பன்னிரண்டு வயதுப் பிரிம்மின் பெயர் ஒரே ஒரு சீட்டில் இருக்கிறது. அந்தப் பற்றாக்குறையை அடைக்கக் காட்டுக்குப் போகிறாள். அந்த ஊரில் பசித்த பிள்ளைக்கு இரண்டு வழி: ஒன்று சட்டத்துக்கு உட்பட்டது, அதில் போனால் சாவு நெருங்கும். மற்றது மரண தண்டனைக்குரிய குற்றம், அதில் போனால் தங்கை தப்பலாம். காலின்ஸ் இதை எங்கும் பிரசங்கமாகச் சொல்லவில்லை. எண்களை மட்டும் தந்துவிட்டுப் போகிறார். ஒருமுறை வகுப்பில் ஒரு மாணவி எழும்பிப் போய்க் கரும்பலகையில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினாள். நாற்பத்திரண்டு என்று எழுதி முடித்தபோது வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது.

ஆயிரக்கணக்கான சீட்டுகளுக்குள் கடைசியில் வெளியே வருவது பிரிம்மின் அந்த ஒற்றைச் சீட்டு. தங்கைக்குப் பதிலாக நான் போகிறேன் என்று காட்னிஸ் முன்னால் ஓடுகிறாள். ஒன்றைக் கவனியுங்கள்: இது சட்டம் அனுமதித்த செயல். தானாக முன்வருவதற்கு விதியில் இடம் உண்டு. 12ஆம் மாவட்டத்தில் அப்படி வருவார் இல்லாததால் எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள். கதையில் அவள் செய்யும் ஆகப் பெரிய காரியத்தில் சட்டமீறல் என்று ஒன்றுமே இல்லை. புத்தகம் மீறலைத்தான் போற்றுகிறது என்றால் இந்த இடம் அங்கே பொருந்தாது.

களத்துக்குள் போனால் விதி என்று சொல்லக்கூடியது மிகக் குறைவு. தொடக்கத்தில் அறுபது விநாடி நின்ற தட்டை விட்டு இறங்கக் கூடாது, இறங்கினால் கண்ணிவெடி. மற்றபடி யாரையும் எப்படியும் கொல்லலாம். பிறகு நடுவில் விதியை மாற்றி அறிவிக்கிறார்கள்: ஒரே மாவட்டத்து இருவர் மிஞ்சினால் இருவரும் வெற்றியாளர். காட்னிஸும் அதே ஊர்ப் பீட்டாவும் அதை நம்பிக் கடைசி வரை வருகிறார்கள். இருவர் மட்டும் மிஞ்சியதும் அந்த அறிவிப்பை மீளப் பெறுகிறார்கள். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. எழுதியவர்களைக் கட்டுப்படுத்தாத, எழுதப்பட்டவர்களை மட்டும் கட்டுப்படுத்துகிற விதி எப்படிப்பட்டது என்பதைப் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாகக் காட்டிய வேறொரு கதையை நான் வாசித்ததில்லை.

அப்போதுதான் அவள் நச்சுப்பழங்களை எடுக்கிறாள். இருவரும் சேர்ந்து வாயில் போடப் போகிறார்கள். வெற்றியாளர் இல்லாமல் விளையாட்டை முடிக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். பழம் தின்னக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. அறிவிப்பாளர் பதறிப்போய் நிறுத்தச் சொல்கிறார், இருவரும் வென்றதாகிறது. கேப்பிட்டல் அதற்காக அவளை மன்னிக்கவே இல்லை. வருடக்கணக்கான வேட்டையைப் பார்த்தும் பாராமல் விட்டவர்களுக்கு, கைப்பிடிப் பழம் பொறுக்கவில்லை. காரணம், வேட்டை இருட்டில் நடந்தது; பழத்தை நாடே பார்த்தது.

இதை விளக்க நான் எப்போதும் கையில் எடுப்பது 1961ஐத்தான். அந்த வருடம் பெப்ரவரியில் சிங்களம் மட்டும் நிர்வாக மொழியாவதை எதிர்த்துத் தமிழரசுக் கட்சியினர் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்கு முன்னால் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். வாரக்கணக்காக நடந்தது. ஏப்ரலில் செல்வநாயகம் தலைமையில் சொந்தமாக ஒரு தபால் சேவையைத் தொடங்கி, முத்திரை அச்சடித்து வெளிப்படையாக விற்றார்கள். சில நாட்களுக்குள் அவசரகாலச் சட்டம், இராணுவம், தலைவர்கள் கைது. ஒரு முத்திரையால் அரசாங்கத்துக்கு வருமான நட்டம் எவ்வளவு வந்திருக்கும்? கணக்குப் பார்க்கவே தேவையில்லை. அந்தச் சின்னக் கடதாசித் துண்டு எல்லோர் கண்ணிலும் பட்டது, அதுதான் பிரச்சினை. களவாகச் சாமான் கடத்துகிறவன் தடையை ஏற்றுக்கொண்டுதான் ஒளிகிறான். முத்திரை விற்றவர்கள் ஒளியவில்லை. மகளுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுத்தால், நாவலின் இரண்டாம் பாதி அவளுக்கு வேறு மாதிரித் தெரியும்.

காட்னிஸ் ஒரு கட்டுப்பாடும் இல்லாத பெண் என்ற எண்ணம் வந்திருந்தால், அவளுக்குக் கடன் என்றால் என்ன என்று பாருங்கள். தகப்பன் செத்த பிறகு பட்டினியில் வெதுப்பகத்தின் குப்பைத் தொட்டியைக் கிளறுகிறாள். அப்போதும் களவெடுக்கவில்லை, தொட்டிக்குள் கிடப்பதை எடுக்கத் தடையில்லை என்று யோசித்துத்தான் போகிறாள். வெதுப்பகத்துப் பையன் பீட்டா வேண்டுமென்றே பாணைக் கருக விட்டு, தாயிடம் அடி வாங்கிக்கொண்டு, அதை அவள் பக்கம் எறிகிறான். அந்த இரண்டு பாணுக்கு நன்றி சொல்லவில்லையே என்று அவள் மனம் வருடக்கணக்காக அரிக்கிறது. ரூவுக்கு அவள் காட்டிய அன்புக்காக, அதே 11ஆம் மாவட்டத்துத் த்ரெஷ், கொல்லக் கிடைத்த நேரத்தில் அவளை விட்டுவிடுகிறான். இனிக் கடன் தீர்ந்தது என்கிறான். எழுதின சட்டம் ஒன்றும் அவனை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. மேலே கேப்பிட்டலின் சட்டம் இருக்க, கீழே பசித்த மக்களுக்குள் வேறொரு முறைமை இருக்கிறது. செய்நன்றி மறவாமை என்று நாம் சொல்வோமே, அது.

ஆனால் ஊர் முறைமை எல்லாம் நல்லது, அரசு எழுதியது எல்லாம் கெட்டது என்று மகள் எடுத்துக்கொள்ளக் கூடாது. யாழ்ப்பாணத்துக்காரரான நாங்கள் அதை அவளுக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையை எடுங்கள். 1706இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி எழுதித் தொகுத்து, 12 முதலியார்மாரிடம் காட்டிச் சரிபார்த்தது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று நம் வீட்டுச் சொற்களாலேயே ஆனது. அதற்குள்ளேயே மனிதரை மனிதர் அடிமையாக வைத்திருப்பதற்கான ஏற்பாடும் இருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் நடந்ததையும் சொல்லுங்கள். சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டு, கோயிலுக்குள் போக வந்தவர்களின் பக்கம், அப்படித் தடுப்பதைக் குற்றமாக்கிய 1957ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. மறித்து நின்றது ஊர் வழக்கம். அந்த வாசலில் வழக்கத்தை மீறியவர்கள்தான் சட்டத்தைக் கைக்கொண்டவர்கள்.

காலின்ஸும் இந்த இடத்தில் ஏமாற்றவில்லை. மூன்றாம் பாகத்தில், அழிந்துவிட்டதாகக் கேப்பிட்டல் சொல்லிவந்த, கிளர்ச்சிக்காரரின் 13ஆம் மாவட்டத்துக்குக் காட்னிஸ் போகிறாள். அங்கே எல்லோருக்கும் சமபங்கு, எல்லாவற்றுக்கும் விதி. அன்றைய நேரசூசியைக் காலையில் கையிலேயே அச்சுக் குத்திவிடுகிறார்கள். அவளை அலங்கரித்த கேப்பிட்டல் பணியாளர்கள் கூடுதலாகப் பாண் எடுத்ததற்காகச் சங்கிலியில் கட்டிக் கிடக்கிறார்கள். முதல் பாகத்தில் அவளுக்கு உயிர் கொடுத்த அதே பாண். தன் பக்கத்தவர் என்று நம்பினவர்களிடம் அதைக் கண்டு அவள் அதிர்ந்துபோகிறாள். தொண்ணூறுகளில் இங்கே இருந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. சாமான் உள்ளே வரக் கொழும்பின் தடை. ஆள் வெளியே போக இயக்கத்தின், அதாவது புலிகளின் பாஸ். ஒரே வீட்டுக்கு இரண்டு பக்கமும் சட்டம் இருந்தது. இந்த மூன்றாம் பாகம் பலருக்குப் பிடிப்பதில்லை, இழுவை என்பார்கள். எனக்கு மூன்றிலும் இதுதான் நேர்மையான புத்தகமாகப் படுகிறது.

ஆகவே உங்களுக்கு என் பதில்: புத்தகத்தை மறிக்காதீர்கள். ஆனால் கூட இருந்து வாசியுங்கள். கொலைக் காட்சிகள் உண்மையிலேயே கடுமையானவை. முதல் பாகத்தின் கடைசியில் விகார விலங்குகள் வரும் இரவும், மூன்றாம் பாகத்தின் இறுதி அத்தியாயங்களும் பதினான்கு வயதுக்கு மனதைக் குழப்பலாம். அவள் அந்த இடங்களுக்கு வரும் நாட்களில் வீட்டில் இருங்கள். சட்டம் பற்றிக் கதைக்க வேண்டுமென்றால், காட்னிஸ் செய்தது சரியா பிழையா என்று தொடங்க வேண்டாம். உடனே சரி என்பாள், கதை அதோடு முடிந்துவிடும். தங்கையின் பெயர் ஏன் ஒரு சீட்டில் மட்டும் இருந்தது என்று கேளுங்கள். ஒரு கடதாசியையும் பேனையையும் கொடுத்து அந்த இருபதையும் நாற்பத்திரண்டையும் அவளையே கணக்குப் பார்க்க விடுங்கள். அப்புறம், உங்கள் வீட்டில் தடைக்காலத்தில் எந்தச் சாமான் எப்படி வந்தது என்று நீங்கள் சொல்லலாம்.